கோல்ஃப் ஸ்விங்: உடலைத் திருப்புவதும் எடையை மாற்றுவதும்

கோல்ஃப் பழக வந்த புதிதில் எல்லோருடைய கவனமும் கையில்தான் இருக்கும். கிளப் (பந்தை அடிக்கும் நீண்ட கோல்) கையில் இருக்கிறது, பந்தில் படுவது கிளப், அப்படியென்றால் கைதான் அடிக்கிறது என்று தோன்றுவது இயல்பு. அதனால் கையை ஓங்குகிறோம், கையாலேயே இறக்குகிறோம். ஒரு பந்து தரையோடு உருளும், அடுத்தது வலப்பக்கம் வளைந்து ஓடும், எப்போதாவது ஒன்று அழகாகப் பறக்கும். அது எப்படிப் பறந்தது என்று நமக்கே தெரியாது. இன்னொரு முறை அதை வரவழைக்கவும் முடியாது.

கைக்கு வேலையே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் வேகம் கிளம்பும் இடம் காலடி. கால் தரையை அழுத்துகிறது, இடுப்பு திரும்புகிறது, அதன் பின்னால் மார்பு திரும்புகிறது, கடைசியாகத்தான் அந்த வேகம் கைக்கும் கிளப்புக்கும் வந்து சேர்கிறது. இந்த வரிசை கெட்டால் எவ்வளவு பலம் இருந்தாலும் பந்து தூரம் போகாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடலைத் திருப்புவது ஒரு வேலை, எடையை மாற்றுவது இன்னொரு வேலை என்று பிரித்துப் பழகாதீர்கள். உடல் சரியாகத் திரும்பினால் எடை பெரும்பாலும் அதன்கூடவே போய்விடும். "எடையை வலது காலுக்குக் கொண்டுபோகணும்" என்று தனியாக முயன்றால் என்ன நடக்கும் என்றால், உடல் திரும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். புதியவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். அதனால் இந்தக் கட்டுரையிலும் முதலில் திரும்புவது, அப்புறம்தான் எடை.

வலது கைப் பழக்கம் உள்ளவரை மனதில் வைத்து எழுதுகிறேன். பந்து போக வேண்டிய இலக்கு உங்கள் இடப்பக்கம் இருக்கிறது. இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் இடதை வலதாக மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

நிற்கும் நிலை

எட்டு அல்லது ஏழாம் எண் அயர்னை (உலோகத் தலை கொண்ட ஒரு வகை கிளப்) எடுத்துக்கொள்ளுங்கள். பாதங்களுக்கு நடுவே தோள் அகலம் இடைவெளி போதும். அதிக பலம் வரும் என்று காலை ரொம்ப அகட்டி நிற்பவர்கள் உண்டு. அப்படி நின்றால் இடுப்பு திரும்பவும் சிரமம், இடது காலுக்கு வந்து சேரவும் சிரமம்.

குனிவது இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும், முதுகை வளைத்து அல்ல. எப்படிக் கண்டுபிடிப்பது? கிளப்பைக் கிடைமட்டமாகப் பிடித்து, தொடையும் அடிவயிறும் சேரும் மடிப்பில் வைத்து மெதுவாக உள்ளே அழுத்துங்கள். பின்பக்கம் தானாகப் பின்னால் போகும், மார்பு முன்னால் சாயும், முதுகு நேராக இருக்கும். முழங்காலை லேசாகத் தளர்த்தினால் போதும், நாற்காலியில் உட்காரப் போவது மாதிரி மடக்க வேண்டாம்.

எடை இரண்டு காலிலும் பாதிப் பாதி. பாதத்திற்குள் பார்த்தால் ஷூ லேஸ் கட்டும் இடத்துக்கு நேர் கீழே இருக்க வேண்டும். விரல் நுனியிலும் வேண்டாம், குதிகாலிலும் வேண்டாம். இடது பாதத்தின் நுனியை இலக்கை நோக்கி 20 முதல் 30 டிகிரி வரை திருப்பி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இடுப்பு அந்தப் பக்கம் திரும்பும்போது வழி கிடைக்கும். உடம்பு இறுக்கமாக இருப்பவர்கள் வலது பாதத்தையும் கொஞ்சம் வெளிப்பக்கம் திருப்பலாம்.

தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு பந்தைப் பார்க்காதீர்கள். இடது தோள் தாடைக்குக் கீழே நுழைய இடம் வேண்டும். இந்த ஒரு சின்ன விஷயத்தாலேயே பலருக்கு பேக்ஸ்விங், அதாவது கிளப்பைப் பின்னால் ஓங்குவது, பாதியில் நின்றுவிடுகிறது.

படி 1: பந்து இல்லாமல் திரும்பிப் பாருங்கள்

கிளப்பை மார்புக்குக் குறுக்கே, தோள்களின் மேல் கிடக்கிற மாதிரி வைத்து, இரண்டு கைகளையும் குறுக்காக மடித்து அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். சற்று முன் சொன்ன நிலையில் குனிந்து நில்லுங்கள். இப்போது மார்பை வலப்பக்கம் திருப்புங்கள். முதுகு இலக்கைப் பார்க்கும் வரை போகலாம், முடியாவிட்டால் முடிந்த அளவு.

இடது தோளின் பக்கமுள்ள கிளப் நுனி எங்கே காட்டுகிறது என்று கவனியுங்கள். பந்து இருக்கும் இடத்தையோ அதற்குக் கொஞ்சம் அப்பால் உள்ள தரையையோ காட்டினால் சரி. தொலைவில் உள்ள மரத்தைக் காட்டினால் திரும்பும்போது நிமிர்ந்துவிட்டீர்கள். உங்கள் கால் விரலைக் காட்டினால் தோள் திரும்பவில்லை, வெறுமனே சாய்ந்திருக்கிறது. தோள் சுற்ற வேண்டியது முதுகெலும்பைச் சுற்றி. முதுகெலும்பு முன்னால் சாய்ந்திருப்பதால், திரும்பும்போது இடது தோள் கொஞ்சம் கீழேதான் போகும்.

முழு ஸ்விங்கில் தோள் ஏறக்குறைய 90 டிகிரி, இடுப்பு ஏறக்குறைய 45 டிகிரி திரும்ப வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. முதல் நாளே 90 வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள். 70 டிகிரி திரும்பிச் சமநிலையோடு நிற்பவர், 90-க்காக உடலை முறுக்கித் தடுமாறுபவரைவிட நன்றாக அடிப்பார்.

இடுப்பைப் பற்றி ஒரு தவறான யோசனை புதியவர்களிடம் சுற்றிக்கொண்டிருக்கிறது. இடுப்பை அசைக்காமல் பூட்டி வைத்துத் தோளை மட்டும் திருப்பினால் பலம் கூடும் என்பது. நன்றாக வளையும் உடம்புள்ள இளம் ஆட்டக்காரர்களுக்கு அது ஓரளவு பொருந்தலாம், மற்றவர்களுக்கு வேண்டவே வேண்டாம். நம் முதுகெலும்பில் திரும்பும் திறன் அதிகம் இருப்பது மேல்முதுகில். அடிமுதுகு மிகக் கொஞ்சமே திரும்பும். இடுப்பைப் பூட்டினால் மிச்ச முறுக்கெல்லாம் அந்த அடிமுதுகில் போய் விழும். வலி வந்தால் உடனே நிறுத்துங்கள்.

அதனால் இடுப்பைத் தாராளமாகத் திரும்ப விடுங்கள். உடம்பு இறுக்கமாக இருந்தால் இடது குதிகால் தரையைவிட்டு எழும்பட்டும். புகழ்பெற்ற கோல்ஃப் ஆட்டக்காரர் ஜாக் நிக்லாஸ் பேக்ஸ்விங்கில் இடது குதிகாலைத் தூக்கித்தான் ஆடினார், அவருக்கு முன்னால் பாபி ஜோன்ஸும் அப்படித்தான். ஒரே நிபந்தனை, இடுப்பு திரும்புவதால் குதிகால் இழுக்கப்பட்டு எழும்ப வேண்டும். குதிகாலைத் தனியாகத் தூக்கினால் பலன் இல்லை.

வலது பக்கம் என்ன நடக்கிறது? வலது பின்பாக்கெட் நேராக உங்களுக்குப் பின்னால் போகிறது. வெளிப்பக்கம் போகவில்லை. சரியாகத் திரும்பியிருந்தால் வலது இடுப்பின் முன்மடிப்பில் பேண்ட் துணி கசங்கிச் சுருக்கம் விழும், அந்த மடிப்பில் ஒரு இழுப்பும் தெரியும். வலது முழங்கால் கொஞ்சம் நிமிரலாம், தவறில்லை. விறைத்துப் போகவோ வெளிப்பக்கம் சரியவோ கூடாது.

படி 2: சுவரோடு ஒரு பயிற்சி

எனக்கு ஒரே ஒரு பயிற்சியைத்தான் சொல்ல அனுமதி என்றால் இதைத்தான் சொல்வேன். திருப்பம், எடை, குனிந்த நிலை மூன்றையும் ஒரே நேரத்தில் இது காட்டிக்கொடுக்கும். ஒரு சுவர் இருந்தால் போதும்.

சுவருக்கு முதுகு காட்டி நின்று, ஆட்டத்துக்கு நிற்பது போலக் குனியுங்கள். பின்பக்கம் இரண்டும் சுவரை லேசாகத் தொடும் தூரத்தில் கால்களை வைத்துக்கொள்ளுங்கள். கைகளை மார்பில் குறுக்காக மடித்துக்கொள்ளுங்கள், கிளப் வேண்டாம்.

இப்போது மெதுவாக வலப்பக்கம் திரும்புங்கள். வலது பின்பக்கம் சுவரை அழுத்த வேண்டும், இடது பக்கம் சுவரைவிட்டு விலக வேண்டும். இந்த இடத்தில் நின்று கால்களைக் கவனியுங்கள். வலது காலில் பாரம் ஏறியிருக்கும், குறிப்பாக உட்பக்கத்திலும் குதிகாலிலும். நீங்கள் எடையை எங்கும் தள்ளவில்லை, திரும்பியதோடு சரி.

அடுத்து இடப்பக்கம் திரும்பி வாருங்கள். இடது பின்பக்கம் சுவரைத் தொட வேண்டும், பிறகு அதை அழுத்த வேண்டும். இந்த மாற்றத்தின்போது ஒரு கணம் இரண்டு பக்கமும் சுவரில் இருக்கும். இரண்டும் சுவரைவிட்டு விலகினால் இடுப்பு பந்தை நோக்கி முன்னால் போய்விட்டது, உடல் நிமிர்ந்துவிட்டது என்று அர்த்தம். மைதானத்தில் இதே தவறு நடக்கும்போது கைக்கு இடம் இல்லாமல் போய், பந்து கிளப்பின் குதியில் பட்டுத் தெறிக்கும், அல்லது பந்தின் தலையில் அடி விழும்.

கண்ணை மூடிக்கொண்டும் செய்து பாருங்கள். தினமும் சில நிமிடங்கள் செய்தாலே போதும். மெதுவாகச் செய்வதுதான் முக்கியம், வேகமாகச் செய்தால் சுவர் சொல்வது காதில் விழாது.

படி 3: எடை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

தொடக்கத்தில் எடை பாதிப் பாதி. பேக்ஸ்விங்கில் பெரும்பகுதி வலது காலின் உட்பக்கம். பந்தில் அடி விழும்போது பெரும்பகுதி இடது காலில். முடிவில் கிட்டத்தட்ட முழுவதும் இடது காலில். அடிப்படை இவ்வளவுதான்.

பாதத்தின் அழுத்தத்தை அளக்கும் பலகைகள் வந்த பிறகு ஒரு விஷயம் தெளிவாகியிருக்கிறது. நல்ல ஆட்டக்காரர்கள் வலது காலில் அழுத்தத்தைச் சீக்கிரமே ஏற்றிவிடுகிறார்கள், கிளப் இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே இடது காலுக்குத் திரும்பத் தொடங்கிவிடுகிறார்கள். மேலே போய் நின்று, "சரி, இப்போது இடது கால்" என்று முடிவெடுத்தால் தாமதமாகிவிடும். அதேபோல, அழுத்தம் மாறுகிறது என்பதற்காக மொத்த உடலும் வலது காலுக்கு மேலே போய் உட்கார வேண்டியதில்லை. உடலின் நகர்வு மிகக் கொஞ்சம். பாதத்துக்குக் கீழே நடக்கும் மாற்றம்தான் பெரிது.

வலது பாதத்தின் வெளிவிளிம்பு ஆபத்தான இடம். பேக்ஸ்விங் முடிவில் சுண்டுவிரல் பக்கம் அழுத்தி, பெருவிரல் பக்கம் லேசாக எழும்பினால், திரும்பாமல் நகர்ந்திருக்கிறீர்கள். இதை ஸ்வே என்பார்கள். வலது ஷூவின் வெளிவிளிம்புக்குக் கீழே ஒரு கோல்ஃப் பந்தை வைத்து நின்று ஸ்விங் செய்யுங்கள். பாதம் உட்பக்கம் லேசாகச் சாய்ந்திருப்பதால் வெளியே உருள வழி இருக்காது. வலது இடுப்பு பின்னால் போவதைத் தவிர வேறு பாதை கிடைக்காது.

இதற்கு நேர் எதிரான தவறு ஒன்றும் உண்டு. "தலையை அசைக்காதே" என்ற அறிவுரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர்களிடம் இதைப் பார்க்கலாம். தலை அசையாமல் நிற்கும், இடுப்பு மட்டும் வலப்பக்கம் வழுக்கும், மேலுடல் இலக்கை நோக்கிச் சாய்ந்துவிடும். பேக்ஸ்விங் உச்சியில் எடை இடது காலில் இருக்கும், அடிக்கும்போது வலது காலுக்கு ஓடிவிடும். எல்லாமே தலைகீழ். அடிமுதுகுக்கும் இது கெடுதல். தலை வலப்பக்கம் கொஞ்சம் நகர்ந்தால் ஒன்றும் கெட்டுவிடாது, நகரட்டும். பேக்ஸ்விங்கில் இலக்கின் பக்கம் மட்டும் போகக் கூடாது.

படி 4: கீழே வரும்போது யார் முதலில்?

ஒரு கல்லைத் தூரமாக எறிந்து பாருங்கள். கை பின்னால் இருக்கும்போதே எதிர்க்கால் முன்னால் அடியெடுத்து ஊன்றிவிடும், அதற்குப் பிறகுதான் கை வரும். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, உடம்புக்கே தெரியும். கிளப்பைக் கீழே இறக்கும் டவுன்ஸ்விங்கும் இதே வரிசைதான். பந்து தரையில் கிடப்பதால் நாம் பதறிக் கையை முந்தவிட்டு விடுகிறோம்.

முதல் அசைவு இடது பாதம் தரையை அழுத்துவது. அதோடு இடது இடுப்பு இலக்கை நோக்கி ஒரு சிறு அளவு நகரும், உடனே பின்னால் திரும்பும். பழைய தலைமுறை ஆட்டக்காரர் சாம் ஸ்னீட் டவுன்ஸ்விங்கைத் தொடங்கும்போது இரண்டு முழங்கால்களும் விலகி, லேசாக உட்காருவது போல ஒரு தோற்றம் வரும். இன்றும் அதைப் பயிற்சியாளர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். அந்த அமர்வில்தான் அவர் தரையை அழுத்துகிறார். பிறகு இடது கால் நிமிர்கிறது, நிமிரும்போது இடது இடுப்பைப் பின்னால் தள்ளுகிறது, இடுப்பு திறக்கிறது. அடி விழும் கணத்தில் பெல்ட் பக்கிள் பந்தைத் தாண்டி இலக்கின் பக்கம் திரும்பியிருக்கும்.

வலது தோள் முதலில் பாய்ந்தால் கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு வரும். புதியவர்களை வாட்டும் ஸ்லைஸில், அதாவது பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுவதில், பெரும்பகுதி இப்படிப் பிறப்பதுதான். இடுப்பு திரும்பாமல் இலக்கை நோக்கி வழுக்கிக்கொண்டே போவது இன்னொரு கோளாறு. இடது இடுப்பு இடது பாதத்தையும் தாண்டி வெளியே போனால் இது நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். இடது பாதத்துக்கு வெளிப்பக்கம் ஒரு குச்சியை நட்டு, இடுப்பு அதில் மோதாமல் திரும்பிப் பழகினால் சரியாகும்.

வரிசையை உடம்பில் பதிய வைக்க அடியெடுத்து அடிக்கும் பயிற்சி ஒன்று இருக்கிறது. இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்து நில்லுங்கள். கிளப்பை மெதுவாகப் பின்னால் கொண்டுபோங்கள். அது இடுப்பு உயரத்தைத் தாண்டி இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கும்போதே இடது காலை எடுத்து இலக்கின் பக்கம் வைத்து ஊன்றுங்கள். ஊன்றிய பிறகு திரும்பி அடியுங்கள். முதலில் பந்து இல்லாமல், தாளம் கிடைக்கும் வரை. காலும் கிளப்பும் ஒரு கணம் எதிரெதிர்த் திசையில் போகும், தொடக்கத்தில் அது குழப்பமாக இருக்கும். கொஞ்ச நேரத்தில் கிளப் தானாக விழுவது போலத் தோன்றும், அந்த உணர்வு வந்துவிட்டால் தாழ்ந்த டீயில் (பந்தைத் தாங்கத் தரையில் செருகும் சிறு முளை) பந்தை வைத்து அடிக்கலாம்.

படி 5: முடிவில் நிற்க முடிகிறதா?

அடித்துவிட்டு அப்படியே மூன்று எண்ணும் வரை நில்லுங்கள். பெல்ட் பக்கிள் இலக்கைப் பார்க்கிறதா? வலது பாதம் நுனிவிரலில் மட்டும் நின்று, பின்னால் இருப்பவருக்கு உங்கள் ஷூவின் அடிப்பாகம் முழுவதும் தெரிகிறதா? முழங்கால்கள் கிட்டத்தட்டத் தொடுகின்றனவா? வலது பாதத்தைத் தரையிலிருந்து எடுத்தாலும் விழாமல் நிற்க முடிய வேண்டும்.

வலது காலிலேயே தங்கிவிடுபவர்களுக்கு ஒரு மருந்து உண்டு. அடித்த வேகத்திலேயே வலது காலை எடுத்து இலக்கை நோக்கி ஓர் அடி நடந்துவிடுங்கள். புகழ்பெற்ற ஆட்டக்காரர் கேரி ப்ளேயர் போட்டிகளிலேயே அப்படி நடந்தவர். எடை பின்னால் இருந்தால் அந்த அடியை எடுத்து வைக்கவே முடியாது.

பந்தோடு பழகும்போது

முழு ஸ்விங்குக்கு அவசரப்பட வேண்டாம். இடது கை தரைக்கு இணையாகும் வரை பின்னால், அதே அளவு முன்னால், அவ்வளவுதான். அதிலும் உடல் திரும்ப வேண்டும், முடிவில் இடது காலில் நிற்க வேண்டும். அரை ஸ்விங்கில் வராத எடை மாற்றம் முழு ஸ்விங்கில் வராது.

எடை சரியாக மாறியதா என்பதைத் தரை சொல்லும். அயர்னில் நல்ல அடி என்றால் கிளப் முதலில் பந்தைத் தொட்டு, பிறகு பந்துக்கு முன்னால், அதாவது இலக்கின் பக்கம், புல்லைச் சீவும். எடை வலது காலில் தங்கினால் ஸ்விங்கின் அடிப்புள்ளி பந்துக்குப் பின்னால் விழுந்து, கிளப் முதலில் மண்ணைத் தோண்டும், அல்லது மேலெழும்பும் வழியில் பந்தின் உச்சியைத் தட்டும். இரண்டும் வேறு வேறு தவறுகள் போலத் தெரியும், காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். புல்லில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, பந்து இல்லாமல் ஸ்விங் செய்து, கிளப் கோட்டுக்கு எந்தப் பக்கம் புல்லைத் தொடுகிறது என்று பாருங்கள். இலக்கின் பக்கம் தொட வேண்டும்.

டிரைவிங் ரேஞ்சில் (பந்தடித்துப் பழகும் மைதானம்) பாய் மேல் அடிக்கும்போது கொஞ்சம் எச்சரிக்கை தேவை. பந்துக்குப் பின்னால் அடி விழுந்தாலும் கிளப் பாயில் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை எடுத்துவிடும், நன்றாக அடித்தது போலவே இருக்கும். ஒரு துண்டை மடித்துப் பந்துக்குப் பின்னால் சுமார் 10 செ.மீ. தள்ளி வையுங்கள். துண்டில் பட்டால் எடை இன்னும் பின்னால்தான் இருக்கிறது.

போனில் வீடியோ எடுங்கள். போனை இடுப்பு உயரத்தில் வைத்து, நேர் எதிரிலிருந்து எடுத்தால் ஸ்வே தெரியும், இலக்குக் கோட்டில் பின்னாலிருந்து எடுத்தால் நிமிர்வது தெரியும். பார்த்துவிட்டு ஒரு நாளைக்கு ஒரு தவறை மட்டும் திருத்துங்கள்.

டிரைவரை எடுக்கும்போது

தூரமாக அடிக்கப் பயன்படும் நீண்ட கிளப்பான டிரைவரைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. கால்களைக் கொஞ்சம் கூடுதலாக அகட்டி, பந்தை இடது குதிகாலின் உட்பக்கத்துக்கு நேராக உயரமான டீயில் வைப்போம். நிற்கும்போதே வலது தோள் இடதைவிடத் தாழ்ந்திருக்கும், மேலுடல் இலக்கிலிருந்து சற்று விலகிச் சாய்ந்திருக்கும். டிரைவரை மேல்நோக்கி அடிக்க வேண்டும் என்று கேட்டவுடன் பலரும் வலது காலில் மல்லாந்து சாய்ந்து பந்தை ஏந்திவிடப் பார்க்கிறார்கள். மேல்நோக்கிய கோணம் பந்தின் இடத்திலிருந்தும் அந்தச் சாய்விலிருந்தும் ஏற்கெனவே கிடைத்துவிட்டது. அடி விழும்போது தலை பந்துக்குப் பின்னால் இருக்கட்டும், எடை மட்டும் வழக்கம்போல இடது காலுக்குப் போகட்டும். முடிவில் வலது குதிகால் தரையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் டிரைவரை உள்ளே வைத்துவிட்டு, எட்டாம் எண் அயர்னில் பத்துப் பந்துகளை அடியெடுத்து அடித்துவிட்டு, பிறகு மறுபடி வெளியே எடுங்கள்.